குடுமியான்மலை குவாரியும் டெண்டர் அறிவிப்பும்

தோழர்களே, பழைய குளத்தூர் வட்டத்துக் குடுமியான்மலையில் கல்லுடைத்த பெண்களின் வரலாறு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? குவாரி ஏலம் மாவட்ட அரசிதழில் வரும். அதைப் படித்து ஏலம் எடுத்தவர் ஒப்பந்ததாரர். கல்லுடைத்தது நம் பெண்கள், பலர் கொத்தடிமைகளாக. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டார். அறிவொளியில் எழுத்துக் கற்ற கைகள் குவாரிக் கணக்கை எழுதின.

அது ஓர் அதிகாரியின் மனசால் வந்தது. சட்டமாக வந்தவை வேறு. 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தால் மாவட்டத்துக்கும் டெண்டர் இதழ் வந்தது. 2012 ஆணை, மத்திய அரசுக் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. மாநில டெண்டருக்கு அது பொருந்தாது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்று எல்லாம் இணையத்தில் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ‘குளத்தூர்’ என்று மட்டும் தேடினால் சென்னைக் கொளத்தூரும் வந்து நிற்கும். கீரனூர், குன்னாண்டார்கோவில் ஒன்றியம் என்று, துறையையும் சேர்த்துத் தேடுங்கள். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்தை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள். திருத்த அறிவிப்பையும் விடாதீர்கள். கடைசித் தேதி மாறுவது அதில்தான்.