பழைய கார்களில் பின் ஹெட்ரெஸ்டும் உள்பாக மாற்றமும்

பழைய காரின் இருக்கை, கதவுப் பலகை, டாஷ்போர்டு, கூரைத் துணி, ஸ்டியரிங் போன்ற உள்பாகங்களைக் கழற்றிவிட்டு, அதே மாடலின் பிந்தைய வகையிலிருந்தோ வேறு காரிலிருந்தோ எடுத்தவற்றைப் பொருத்துவது உள்பாக மாற்றம் எனப்படும். தொழிற்சாலையிலிருந்து ஹெட்ரெஸ்ட் இல்லாமல் வந்த பின்னிருக்கைக்கு அதைப் பிற்பாடு வைப்பது இவ்வேலைகளில் தனித்து நிற்கிறது. மற்ற மாற்றங்கள் பெரும்பாலும் சொகுசுக்கும் பார்வைக்கும் செய்யப்படுபவை. இது கழுத்துக்காகச் செய்யப்படுவது. தமிழ்நாட்டில் இந்த வேலை பெரிதும் அம்பாசடர், பிரீமியர் பத்மினி (பலருக்கு இன்றும் அது ‘ஃபியட்’தான்), ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்று கார்களைச் சுற்றி வளர்ந்தது.

காரின் உள்பாகம் தொழிற்சாலையிலேயே முழுதாக முடிந்து வருவது பிற்கால வழக்கம். கார் வந்த புதிதில் எஞ்சினும் சட்டமும் ஓரிடத்திலும், கூண்டும் இருக்கையும் வேறோரிடத்திலும் செய்யப்படுவது சாதாரணமாக இருந்தது. குதிரை வண்டி கட்டிய பட்டறைகளே அந்த வேலையை ஏற்றன. சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் கோச்சு வண்டி கட்டுவதில் பெயர் பெற்றது. அங்குதான் 1903-இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியால் ஓடும் காரை உருவாக்கினார். அக்காலத்து இருக்கையின் உள்ளே கம்பிச் சுருளும் குதிரை மயிரும் இருந்தன. மேலே தோல் போட்டது ஓட்டுநருக்கு. பின்னால் அமரும் எசமானருக்குக் கம்பளித் துணி. வெயிலும் மழையும் படும் இடத்துக்குத் தோல் தாங்கும், மூடிய கூண்டுக்குள் துணிதான் இதம் என்பது அந்தக் கணக்கு. இன்றைய பார்வைக்கு அது தலைகீழாகத் தெரியும். பட்டும் சில ஆடம்பரக் கார்களுக்குள் போனது. 2015-இல்கூட ரோல்ஸ்ராய்ஸ் தன் ஃபேன்டம் காரொன்றின் உள்புறத்தைக் கையால் ஓவியம் தீட்டிய பட்டால் அலங்கரித்துக் காட்டியது. ஆனால் வெயில் பட்டால் பட்டிழை நைந்துவிடும், வியர்வையும் அதற்கு ஆகாது. வேலூர்–ஆரணி சாலையில் உள்ள கண்ணமங்கலம் போன்ற நெசவு ஊர்களின் பட்டு, கல்யாணக் காரில் ஏறும் பெண்ணின் மேல் இருந்ததே தவிர, அவள் உட்கார்ந்த சீட்டில் இருந்ததில்லை.

நாடு விடுதலை பெற்ற பிறகு சாலையை ஆண்ட கார்கள் மூன்றும் வெளிநாட்டு மூலத்தைக் கொண்டவை. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்தது. 1950களின் இறுதியில் தொடங்கிய அதன் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த ஃபியட் 1100, முதலில் டிலைட், பிறகு பிரெசிடென்ட் என்று பெயர் மாறி, 1974 முதல் பத்மினி ஆனது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் ஹெரால்டைச் செய்தது. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் முன்னால் ஒரே நீள பெஞ்ச் சீட். கியர் ஸ்டியரிங் தண்டில். ஓட்டுநரோடு மூவர் நெருக்கி உட்காரலாம், உட்கார்ந்தார்கள். இரண்டு கதவு ஹெரால்டில் பின்னால் ஏற முன்னிருக்கையை மடக்க வேண்டியிருந்ததால் முன்னிருக்கைகள் தனித்தனி. எதிலும் பின்னிருக்கைக்கு ஹெட்ரெஸ்ட் இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. அம்பாசடரின் பின்னிருக்கை அமைச்சருக்கும் ஆட்சியருக்கும் முதலாளிக்கும் உரியது. காரில் மிக மதிப்பான இடம் அதுதான். அந்த இடத்துக்குச் செய்த கவனிப்பெல்லாம் மென்மையைப் பற்றியதாகவே இருந்தது: புதுக் கம்பிச் சுருள், கூடுதல் காயர், வெள்ளைத் துண்டு உறை, பின் கண்ணாடிக்குத் திரை, சின்ன மின்விசிறி. அரசு அம்பாசடரின் அடையாளமாகிப்போன அந்தத் துண்டு, தலையெண்ணெயும் வியர்வையும் சீட்டில் படியாமல் காத்தது. தலையைத் தாங்க ஒன்றும் இல்லை. சாய்வு தோளோடு முடிந்தது. அதற்கு மேல் பின் கண்ணாடி.

வெளியுலகிலும் ஹெட்ரெஸ்ட் நெடுங்காலம் சொகுசுப் பொருளாகவே கருதப்பட்டது. கலிபோர்னியாவின் ஓக்லண்டைச் சேர்ந்த பெஞ்சமின் காட்ஸ் 1921-இல் காருக்கான ஹெட்ரெஸ்டுக்குக் காப்புரிமை கோரினார். 1923-இல் அது கிடைத்தது. அரை நூற்றாண்டு அது பரவவில்லை. அமெரிக்க அரசு 1969 ஜனவரி 1 முதல் புதுக் கார்களின் முன் ஓர இருக்கைகளுக்கு அதைக் கட்டாயமாக்கிய பிறகே நிலைமை மாறியது. ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்வீடனின் வால்வோவும் முன்னிருக்கைகளுக்கு அதைக் கொண்டுவந்தது. அன்றைய அமெரிக்க விதியின்படி இடுப்புப் புள்ளியிலிருந்து 700 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டியிருந்தது, அல்லது மோதலில் தலை 45 பாகைக்கு மேல் பின்னால் சாயாதிருக்க வேண்டியிருந்தது.

இந்த அளவுகளுக்குக் காரணம் எளிது. நின்றிருக்கும் காரைப் பின்னாலிருந்து இன்னொன்று மோதும்போது சீட் முதுகை முன்னே தள்ளுகிறது. தலை மட்டும் இருந்த இடத்திலேயே தங்கப் பார்க்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் கழுத்து முதலில் நெளிந்து, பிறகு பின்னால் வளைகிறது. தலையின் உச்சி அளவுக்கு உயர்ந்தும் பின்மண்டைக்கு நெருங்கியும் உள்ள தாங்கி இந்த வளைவைத் தடுக்கும். கழுத்தளவில் நிற்கும் குட்டையான தாங்கி அதற்கு நேர்மாறு: தலை அதன்மேல் தொங்கிப் பின்னால் மடியும். அழகுக்கு வைத்த குள்ள ஹெட்ரெஸ்டை நம்ப முடியாது என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது.

ஹெட்ரெஸ்டுக்காகப் பின்னிருக்கை எல்லா நாட்டிலும் காத்திருந்தது. ஓட்டுநர் பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பின் ஹெட்ரெஸ்ட் மறைக்கும் என்பது பெரிய ஆட்சேபம். ஜெர்மனியின் மெர்சிடீஸ் பென்ஸ் இதற்குக் கண்ட வழி சுவையானது: டபிள்யூ 124 வரிசையில் டாஷ்போர்டிலுள்ள பொத்தானை ஓட்டுநர் அழுத்தினால் பின் ஹெட்ரெஸ்டுகள் காற்றுக் குழாய் அமைப்பால் பின்பக்கம் படுத்துவிடும். இந்த வரிசையே 1995-இல் புனேயில் பூட்டப்பட்டு, இந்தியாவில் தயாரான முதல் பென்ஸ் கார் ஆனது. ஐரோப்பிய மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் பின்னிருக்கைக் கழுத்துப் பாதுகாப்பை மதிப்பிடத் தொடங்கியது 2014-இல்தான்.

தமிழ்நாட்டில் உள்பாக மாற்றத்தின் முதல் காரணம் ரசனையல்ல, பஞ்சம். புதுக் காருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த உரிம ஆட்சிக் காலத்தில், இருக்கும் காரை முப்பது ஆண்டு ஓட்டியாக வேண்டும். கூரைத் துணி தொங்கினால் குஷன் கடையில் ரெக்ஸின் தைத்துக்கொண்டார்கள். காயர் தூளானால் ரப்பர் கலந்த காயர் தகடு, பிறகு ஃபோம். கதவுப் பலகையின் அட்டை ஊறி உப்பினால் பிளைவுட் வெட்டி வைத்தார்கள். கழித்துக் கட்டிய கார்களின் பாகங்கள் சென்னைப் புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் குவிந்தன. கதவுக் கைப்பிடி முதல் முழு டாஷ்போர்டு வரை அங்கே தேடி எடுக்க முடிந்ததால், ஒரு காரின் உள்ளே மூன்று காரின் பாகங்கள் இருப்பது விந்தையாகத் தோன்றவில்லை.

1980களில் மாற்றத்தின் போக்கே திரும்பியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் கான்டெசா, பிரீமியர் 118 என்இ, வண்டலூரின் ஸ்டாண்டர்டு 2000 ஆகியவை வந்தன. தனித்தனிப் பக்கெட் சீட்டும் தரையில் கியரும் சாதாரணமாயின. அம்பாசடரே 1990களில் இசுஸூ எஞ்சின் பெற்ற 1800 ஐஎஸ்இசட் வகையில் இந்த வழிக்கு வந்துவிட்டது. பெஞ்ச் சீட் பழசாகத் தெரியத் தொடங்கியதும், பிந்தைய கார்களின் முன்னிருக்கைகள் முந்தைய கார்களுக்குள் ஏறின. அதோடு முன் ஹெட்ரெஸ்டும் கேட்காமலே வந்துசேர்ந்தது.

பின் ஹெட்ரெஸ்ட் அப்படி வரவில்லை; பின்னிருக்கையை மாற்றுவது கடினம். முன்னிருக்கை நான்கு போல்ட்டில் நிற்பது. பின்னிருக்கையின் சாய்வோ, டிக்கிக்கும் உட்புறத்துக்கும் இடையிலுள்ள அடைப்பின் அகலத்துக்கும் சக்கர வளைவுகளுக்கும் ஏற்ப வடிவம் பெற்றது. வேறு காரின் பின்னிருக்கை அதில் உட்காராது. ஆகவே இருக்கும் சாய்வில்தான் தாங்கியைச் சேர்க்க வேண்டும். அதற்கு மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

வார் போட்டுச் சாய்வின் மேல் கட்டும் மெத்தை மலிவானது, எதையும் துளைக்காதது. மோதலில் அது நகர்ந்துவிடும் என்பதால் தலையணை என்ற அளவோடு அதன் பயன் முடிகிறது. இரண்டாவது முறையில் சாய்வின் உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் கம்பிச் சட்டத்தில் எஃகுப் பட்டை பற்றவைத்து, அதில் இரண்டு குழாய்களை நிறுத்தி, ஹெட்ரெஸ்டின் கால்களை அவற்றில் செருகுகிறார்கள். பார்ப்பதற்குத் தொழிற்சாலை வேலைபோலவே இருக்கும். ஆனால் பழைய சாய்வின் கம்பிச் சட்டம் மனிதனின் முதுகைத் தாங்கச் செய்யப்பட்டதே தவிர, தலையின் நெம்புவிசையைத் தாங்க அல்ல. பட்டையைப் பின்னாலுள்ள உடல் தகட்டோடு இணைக்காவிட்டால் தாங்கியும் சாய்வும் சேர்ந்தே மடங்கும். மூன்றாவது, பின் கண்ணாடிக்குக் கீழுள்ள பார்சல் ட்ரேயின் எஃகில் தாங்கியை நிறுத்துவது. மூன்றிலும் உறுதியானது இது. ட்ரே வெறும் அட்டையாக இருந்தால் அடியில் குறுக்குச் சட்டம் தேவை. கண்ணாடிக்கும் தாங்கிக்கும் இடைவெளியும் பார்த்துக்கொள்ள வேண்டும். எம்முறையிலும் உயரம் போதாமல் போவதே பொதுவான குறை. சாய்வான கூரையும் சிறிய பின் கண்ணாடியும் உள்ள அம்பாசடரில் தேவையான உயரத்துக்குத் தாங்கி வைத்தால் பின்பார்வை வெகுவாகக் குறைகிறது. கழற்றி மாட்டும் வகையை விரும்புவோர் அதனால்தான் அதிகம்.

முன்னிருக்கை மாற்றத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. புதுச் சீட்டின் தண்டவாளம் பழைய துளைகளோடு பொருந்தாததால் சதுரக் குழாயில் மேடை கட்டுவார்கள். அது ஓட்டுநரின் தலையைக் கூரைக்கு நெருக்கிவிடும். தரைத் தகடு துருப்பிடித்திருந்தால் போல்ட்டுகள் பிய்த்துக்கொண்டு வரும். அடியில் அகலமான எஃகுத் தகடு கொடுப்பது இதைத் தவிர்க்கும். இந்தியாவில் 1994 முதல்தான் புதுக் கார்களின் முன்னிருக்கைக்கு சீட் பெல்ட் கட்டாயமானது. அதற்கு முந்திய கார்களில் பெல்ட்டைப் பற்றிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் இருக்காது. பெல்ட் இல்லாத சீட்டுக்கு ஹெட்ரெஸ்ட் மட்டும் வைப்பது பின் மோதலுக்குக் காவல், முன் மோதலுக்கு அல்ல.

சட்டம் இந்த மாற்றங்களை முழுதாகத் தடுக்கவில்லை, முழுதாக விடவுமில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. இருக்கைகளின் எண்ணிக்கை சான்றிதழில் உள்ள விவரம். எனவே எண்ணிக்கை மாறும்படி இருக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் சிக்கல். உறையையும் கூரைத் துணியையும் மாற்றுவதில் அச்சிக்கல் இல்லை. பதிவாகி 50 ஆண்டு கடந்த கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். எண்ணில் ‘விஏ’ எழுத்துகள் சேரும். மூல வடிவில் பேணப்பட்டதாகவும் சட்டம், கூண்டு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாததாகவும் வண்டி இருக்க வேண்டும். அன்றாடப் பயணத்துக்கும் வணிகத்துக்கும் அதை ஓட்டக்கூடாது.

இந்த விதி வருமுன்பே ரசனை மூலத்தை நோக்கித் திரும்பியிருந்தது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, 30 ஆண்டு கடந்தவற்றைத் தன் வரையறைக்குள் கொள்கிறது. அதன் டுரின் சாசனம், கட்டடப் பாதுகாப்புக்கான 1964-இன் வெனிஸ் சாசனத்தை அடியொற்றியது: பாதுகாப்புக்காகவோ சட்டத்துக்காகவோ மாற்றம் தேவைப்பட்டால் அதைப் பதிவுசெய்ய வேண்டும், திரும்ப எடுக்க வழி இருக்க வேண்டும். கோவையில் 2015-இல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகமும், சென்னை வடபழனியில் 2023-இல் திறந்த ஏவிஎம் அருங்காட்சியகமும் பழைய கார்களைப் பொதுமக்கள் அருகில் பார்க்கும் வாய்ப்பைப் பெருக்கின. ஒருகாலத்தில் எடைக்குப் போன அம்பாசடரின் பெஞ்ச் சீட்டும் தண்டு கியரும் இப்போது தேடப்படும் பொருள்கள். ஹெரால்டுக்காரருக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு: அதன் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டுக்கு பிரிட்டனில் இன்றும் உள்பாகங்கள் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. ஃபியட்டுக்கும் அம்பாசடருக்கும் பழம்பொருள் சந்தையும் தையல் தெரிந்த குஷன் கடையுமே துணை.