வெண்ணெய்ச் சாவடியும் அமிர்த மகாலும்

மைசூர் நாட்டின் அமிர்தமகால் மாட்டினத்தைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதன் கொம்பையும் வேகத்தையுமே வியந்துள்ளனர். உச்சந்தலையில் நெருங்கி முளைத்து, பின்சாய்ந்து, மேல்நோக்கி வளைந்து கூர்முனையில் முடியும் அந்நீள் கொம்புகள் வியப்பிற்குரியனவே. எனினும் இவ்வினத்தின் வரலாற்றை அது மேய்ந்த நிலத்தினின்று தொடங்குவதே பொருத்தமாகும்.

சிக்கதேவராச உடையார் (1673-1704) காலத்தில் அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் வழங்கிய மந்தைகளின் துறை 'பெண்ணெ சாவடி' எனப்பட்டது. தமிழ் வகரத்திற்கு நேராகக் கன்னடத்தில் பகரம் வருதல் அறிந்ததே. 'பெண்ணெ' நம் வெண்ணெய்தான். அதனை 'அமிர்த மகால்' என மாற்றியவர் திப்பு சுல்தான். இரு பெயர்களும் பாலையே சுட்டுகின்றன. இவ்வினமோ குறைவாகவே பால் தருவது. அரசு நாடியது பீரங்கியும் தளவாடமும் இழுக்கும் எருதுகளையே. 1781இல் சிதம்பரத்தைக் காக்க ஐதர் அலி இரண்டரை நாளில் நூறு மைல் கடந்தமைக்கு இவ்வெருதுகளே துணைநின்றன என ஆங்கிலேயர் குறிப்புகள் கூறும்.

இவ்வலிமை தொழுவத்தில் வளர்ந்ததன்று. அரசு ஒதுக்கிய மேய்ச்சல் நிலங்கள் 'காவல்' எனப்பட்டன. வெயிற்காலம், மழைக்காலம், குளிர்காலம் என மூவகையாக அவை பகுக்கப்பட்டிருந்தன. பருவந்தோறும் மந்தைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு நடத்திச் செல்லப்பட்டன. கூரையின்றிக் கிடைத்த புல்லை மேய்ந்து அரைக்காட்டு விலங்குகளாக வளர்ந்த அவற்றை அயலார் நெருங்குதல் அரிது. வறட்சியையும் நெடுவழியையும் தாங்கியவையே இனம் பெருக்கின. ஆகவே காவல் முறையே இவ்வினத்தை உருவாக்கியது எனல் மிகையாகாது.

1799இல் மந்தைகள் ஆங்கிலேயர் வசமாயின. 1860இல் சிக்கனங்கருதிச் சென்னை அரசு அவற்றை விற்றுத் துறையைக் கலைத்தது. படைக்குத் தக்க எருதுகள் கிடைக்காமற்போகவே, அப்பத்தாண்டிலேயே துறை மீண்டும் தொடங்கப்பட்டது. விற்கப்பட்ட மந்தையை மீட்க முயன்ற அரசுகள், காவல் நிலத்தின்பால் அத்தகைய கவலை காட்டவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பல காவல்கள் வேளாண்மைக்கும் பிற தேவைகளுக்கும் பிரிந்து போயின.

இன்று அச்சம்புரப் பண்ணையில் இவ்வினம் பேணப்படுகிறது. உறைவிந்து உருவத்தைக் காக்கக்கூடும்; நெடுநடையில் தேறிய உரத்தைக் காக்குமா என்பது ஐயமே. சித்திரதுர்கா மாவட்டம் சள்ளக்கெரேயில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்தாயிரம் ஏக்கர் காவல் நிலம் பாதுகாப்பு, அணு, விண்வெளி ஆய்வு நிறுவனங்கள் முதலியவற்றிற்கு ஒதுக்கப்பட்டது. சுற்றுச்சுவர் எழுந்து மேய்ச்சல் இழந்த சிற்றூரார்க்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வழக்குத் தொடுக்கப்பட்டது.