துடிப்பு லேசரும் காந்தக் கார்னெற்றும்

இரத்தினபுரியின் கோமேதகம் கார்னெற் குடும்பத்துச் சிலிக்கேற்று மணியாகும். ஆனால் காந்தக் கார்னெற்றுகள், அதே பளிங்கமைப்பில் சிலிக்கனின் இடத்தை இரும்பு பிடித்த செயற்கை ஒட்சைட்டுகள். அவற்றுள் தலையாயது இயிற்றியம்-இரும்புக் கார்னெற். 1956இல் பிரான்சின் கிரெனோபிளில் பெர்த்தோவும் ஃபொராவும் அறிவித்த இப்பொருள், காந்த அலைகளை மிகக் குறைந்த இழப்புடன் கடத்துவதால் நுண்ணலைக் கருவிகளுக்கு இன்றியமையாததாயிற்று.

இதன் மென்படலங்களை ஆக்குவதற்குத் துடிப்பு லேசர்ப் படிவு முறை பெரிதும் பயன்படுகிறது. வெற்றிடக் கலத்தினுள், 248 நனோமீற்றர் அலைநீளமுள்ள கிரிப்தன்-புளோரைட்டு லேசரின் சில பத்து நனோசெக்கன் துடிப்புகள் கார்னெற் வில்லையைத் தாக்க, அதன் மேற்பரப்பு ஆவியாகிப் பிளாஸ்மாச் சுவாலையாக எழுந்து, சூடேற்றிய அடித்தளத்தில் மிகக் குறைந்த அமுக்கமுள்ள ஒட்சிசன் சூழலில் படிகிறது. அடித்தளமாகக் கடோலினியம்-கல்லியம் கார்னெற்றே பெரும்பாலும் தெரிவாகிறது. இரண்டின் பளிங்கு இடைவெளிகளும் ஏறத்தாழ 12.38 அங்ஸ்ரம் என ஒத்திருப்பதால் படலம் அடித்தளத்தின் ஒழுங்கிலேயே வளர்கிறது.

பல தனிமங்கள் கலந்த சேர்வையின் விகிதத்தைப் பெரிதும் குலைக்காமல் படலத்துக்கு மாற்றுவதே இம்முறையின் உண்மையான வலிமை. 1965இலேயே செய்து பார்க்கப்பட்டிருந்தாலும், 1987இல் அமெரிக்காவில் தி. வெங்கடேசன் குழுவினர் உயர்வெப்பநிலை மீகடத்திப் படலங்களை இவ்வழியில் ஆக்கிய பின்னரே இது பரவலாயிற்று. சுவாலையோடு தெறிக்கும் நுண்துளிகளும் படலப் பரப்பின் சிறுமையும் இதன் குறைகள். எனவே தடித்த படலங்களுக்குத் திரவநிலை வளர்ப்பே இன்றும் மேலானது.

வளர்ந்த படலத்தைக் கையாளவும் லேசர் உதவுகிறது: கோபால்ற்று கலந்த கார்னெற்றின் காந்தத் திசையை, வெப்பத்தைச் சாராமல், தனியொரு ஃபெம்ரோசெக்கன் துடிப்பால் மாற்றலாமென 2017இல் காட்டப்பட்டது.