அமுக்கத்தில் அடங்கிய மின்சாரம்



மன்னார்க் கரையிலே, அரிப்புக் கிராமத்துக்கு அணித்தாக உள்ளது சிலாவத்துறை. சலாபம் என்பது முத்துக்குளிப்பைக் குறிக்கும் சொல். சலாபம் நடந்த துறையே நாளடைவில் சிலாவத்துறையென மருவிற்று என்பர். இக்கடலில் 1905ஆம் ஆண்டு நடந்த குளிப்பு அரசாங்கத்துக்குப் பெருவருவாய் ஈட்டித் தந்தது. மறு ஆண்டே முத்துப் பார்கள் 20 ஆண்டுக் குத்தகையில் இலண்டன் கம்பனி ஒன்றின் கைக்குச் சென்றன. 1907க்குப் பின்னர் பார்களில் சிப்பி அருகிற்று, கம்பனியும் கலைந்தது. இயற்கை தரும் செல்வத்தைக் கணக்கறிந்து கையாளவேண்டும் என்பதை இக்கரை அன்றே கற்றது.

முத்தெடுத்த கடலில் பின்னர் எண்ணெய் தேடலாயினர். 1970களில் சோவியத் நாட்டின் துணையுடன் மன்னார்த் தீவின் பேசாலையில் துளையிட்டனர். 1981இல் குடாவில் தோண்டிய கிணற்றுக்கு முத்து என்னும் பொருள்படப் ‘பேர்ள்’ என்றே பெயரிட்டனர். அவற்றால் பயன் விளையவில்லை. 2011ஆம் ஆண்டிலேதான் கெயர்ன் லங்கா நிறுவனம் ‘டொராடோ’, ‘பராகுடா’ என்னும் இரு கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது. அங்கே கடலின் ஆழம் 1,300 மீட்டருக்கும் அதிகம். 2015இல் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. வாயு இன்னும் கரை சேரவில்லை.

எதிர்க்கரையிலோ, இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை 143 கிலோமீட்டர் நீளமான வாயுக் குழாய்வழி 2021இல் திறந்துவைக்கப்பட்டது. இத்தகைய நெடுங்குழாய்களில் வாயு மிகுந்த அமுக்கத்துடனேயே செல்லும். வளிமண்டல அமுக்கத்தைப் போல் 60, 70 மடங்கு இருப்பதும் உண்டு. நகர எல்லையில் அதனை வால்வு மூலம் தணித்தே வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்புகின்றனர். அமுக்குவதற்குச் செலவிட்ட சக்தியின் பயன் அந்த வால்வோடு வீணாகிவிடுகின்றது.

கல்லோயாத் திட்டத்தின் இங்கினியாகலையை எண்ணிப் பாருங்கள். வயலுக்குப் போகும் நீர், வழியிலே மின்சுழலியைச் சுழற்றிவிட்டுச் செல்கின்றது. அதனால் வயலுக்குரிய நீர் குறைவதில்லை. வால்வுக்குப் பதிலாகச் சுழலியொன்றை வைத்தால் வாயுவும் அவ்வாறே மின்சாரம் தரும்; பின்னர் அடுப்புக்கும் செல்லும்.

இந்தச் சுழலி வேறொரு தேவைக்காகப் பிறந்தது. 1902இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஜோர்ஜ் குளோட், அமுக்கிய காற்றை உருளையொன்றினுள் விரியவிட்டு வேலை செய்வித்து, அதனால் உண்டாகும் குளிரைக்கொண்டு காற்றைத் திரவமாக்கினார். 1939இல் ரஷ்ய விஞ்ஞானி பியோத்தர் கபீட்சா அதே பணிக்கு விரைந்து சுழலும் சிறு சுழலியைச் செம்மைப்படுத்தினார். அவர்கள் நாடியது குளிரை. வாயு நிலையத்திலோ வேண்டப்படுவது விசை, குளிரே இடையூறு. சுழலியில் விரியும் வாயு, வால்வில் குளிர்வதைவிடப் பன்மடங்கு குளிரும். குழாயில் பனிபோன்ற கட்டிகள் அடைத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே வாயுவை முன்னதாகச் சூடாக்குதல் வேண்டும். அதற்கும் எரிபொருள் செலவாகும். எனவே இம்மின்சாரம் முற்றிலும் இலவசமன்று.

இச்சிக்கலுக்கு ஒரு வழியைக் கனடா காட்டிற்று. நம் மக்கள் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரில், 2008ஆம் ஆண்டு என்பிரிட்ஜ் என்னும் வாயு நிறுவனம் எரிபொருட் கலத்தையும் சுழலியையும் இணைத்து 2.2 மெகாவாற்று நிலையமொன்றை இயக்கியது. கலத்திலிருந்து வெளியேறும் வெப்பமே வாயுவைச் சூடாக்கிற்று. இரு விரயங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்தன.

ஆயினும் எல்லா நிலையங்களுக்கும் இது பொருந்தாது. வாயுவின் ஓட்டம் நேரத்துக்கு நேரம் மாறும். சிறு நிலையங்களில் வருவாய் செலவுக்கு ஈடாகாது. பெரிய மின்நிலையங்களுக்கு இடையறாது வாயு செல்லும் இடங்களே தக்கவை.

குழாய்களையும் வால்வுகளையும் ஒருமுறை அமைத்துவிட்டால் அவற்றை மாற்றுவது பெருஞ்செலவு. இலங்கையிலோ நெடுங்குழாய்வழி இன்னும் அமையவில்லை. பிறர் பழுதுபார்த்துக் கற்றதை நாம் வரைபடத்திலேயே எழுதிக்கொள்ளலாம். மன்னார்க் குடாவின் வாயு என்றாயினும் கரையேறுமாயின், அதன் சூட்டை மட்டுமன்றி அதன் அமுக்கத்தையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். முத்துக்குக் கணக்கு வைக்கத் தவறிய கரை, வாயுவுக்கும் தவறலாகாது.