ஒலிப்பதிவு மட்டம்

மைக்கிலிருந்து வரும் மின்சைகை கணினியில் எவ்வளவு வலுவுடன் பதிய வேண்டும் என முன்கூட்டி வைக்கும் அளவு. இது ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியின் கெயின் திருகில் வைக்கப்படுகிறது. மென்பொருளின் ஃபேடர் பதிவான ஒலியைத்தான் கூட்டும், குறைக்கும். இரண்டையும் ஒன்றெனக் கொள்வது வீட்டு ஒலிப்பதிவில் பரவலான பிழை.

டிஜிட்டல் அளவுகோலின் உச்சி 0 டெசிபல். அதை மீறும் அலையின் முகடு வெட்டுப்பட்டுக் கரகரக்கும். பின்னர் முழுதாகச் சீராவது அரிது. 24 பிட் பதிவின் கோட்பாட்டு வீச்சு சுமார் 144 டெசிபல் (16 பிட்டில் 96) என்பதால், உச்சங்களை −12 முதல் −6 டெசிபலுக்குள் நிறுத்துவது வழக்கம். சோதனையில் அடக்கிப் பாடுபவர் பதிவின்போது குரலை விட்டுப் பாடுவது இயல்பு. ஆகவே பாட்டின் மிக உரத்த அடியைப் பாடவைத்தே கெயின் வைக்கப்படும். தாளக்கட்டில்லாத விருத்தத்தில் ஏற்ற இறக்கம் மிகுதி. சுந்தரர் பதிகம் பெற்ற அவிநாசி போன்ற தலங்களின் தேவாரத்தை விருத்தமாகப் பதிவோர் இன்னும் சில டெசிபல் இடம் விடுவது நல்லது.

விசைத்தறிகள் ஓடும் அவிநாசி வட்டாரத்தில் கெயினைக் கூட்டினால் தறியோசையும் சேர்ந்து உயரும். மைக்கை வாயருகே ஒரு சாணில் வைத்துக் கெயினைக் குறைப்பதே பலன் தரும்.

நாடாப் பதிவுக் காலத்தில் இரைச்சலை அமுக்க மட்டம் உயர்த்தி வைக்கப்பட்டது. அப்பழக்கம் டிஜிட்டலுக்குப் பொருந்தாது.