இடாப்பும் கணனியும்



மலைநாட்டுத் தோட்டங்களில் பொழுது பெரட்டுக் களத்திலே புலர்வது வழக்கம். அங்கே ஆளுக்கு ஆள் பேர் பதியப்படும். மாலையில் கொழுந்தின் நிறை குறிக்கப்படும். நிறை குறைந்தால் அரைப்பேர். இக்குறிப்புகள் யாவும் தோட்டத்து அலுவலகத்திலுள்ள செக்ரோல் என்னும் இடாப்பிலே சென்று சேரும். ஒரு குடும்பத்தின் உழைப்பும் கூலியும் அந்த ஓர் ஏட்டிலே அடங்கின. ஏடு ஒன்றே, அதன் பிரதி தொழிலாளியின் கையில் இருந்ததில்லை.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டே இம்மக்களின் வாழ்வைப் பிறர் எழுதிய எழுத்துகள் ஆண்டு வந்தன. கடல் கடந்து வந்தோர் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டைச் சுமந்து மலையேறினர். கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு, ஒருவர் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும் உரிமையையே கட்டி வைத்தது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

எழுத்தின் வலிமை முழுவதும் வெளிப்பட்டது அதற்குப் பின்னரே. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. ஆனால் 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன்னர், மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடையறாது வதிந்தமையை மெய்ப்பிக்குமாறு கேட்டது. லயத்து அறையில் வாழ்ந்தவர் சான்றுக்கு எங்கே செல்வார்? ஏறக்குறைய 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரஜாவுரிமை பெற்றோர் ஏறக்குறைய ஆறில் ஒருவரே. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, எஞ்சியோரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. இறுதியில், 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சிய நாடற்றோரின் நிலையைப் பெரிதும் தீர்த்தது.

இந்த வரலாற்றை மனத்திற் கொண்டு கணனியுலகின் ஒரு கருவியைக் காண்போம். எழுதியதை அழிக்காது, ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்பொழுது, எதற்காகச் செய்தார் எனக் குறித்து வைக்கும் முறையைப் பதிப்புக் கட்டுப்பாடு என்பர். 1972இல் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைண்ட் இதற்கொரு கருவி செய்தார். பின்வந்த சப்வேர்ஷன் போன்றவை, தோட்டத்து அலுவலகம் போல, நடுநிலையம் ஒன்றில் முழு வரலாற்றையும் வைத்தன. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் வேறு வழி சென்றது. அதில் பிரதி எடுப்போர் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். ஓர் இடாப்பு எரிந்தாலும் மற்றொன்று பேசும். பழைய குறிப்பு ஒன்றை ஒளிவாக மாற்றினால், அதன்பின் வரும் அடையாளக் குறிகள் யாவும் மாறி அதனைக் காட்டிக் கொடுக்கும்.

ஆயினும் கிட் முதலில் கட்டளைச் சொற்களால் இயக்கப்பட்டது. புதியவர்க்கு அது கரடுமுரடான பாதையே. ஆகவே சாளரமும் பொத்தானும் கொண்ட கருவிகள் தோன்றின. போல் மக்கெராஸ் இயற்றிய கிட்கே, திருத்தங்களின் கிளைகளைப் படமாகக் காட்டியது. சோர்ஸ்ட்ரீ கிளைகளை விரிவாகக் காட்டுவது. வசதிகள் பல, ஆதலின் பொத்தான்களும் பல. கிட்ஹப் டெஸ்க்டொப் 2017இல் புதிதாக எழுதப்பட்டு வெளிவந்தது. அதில் பொத்தான்கள் சிலவே. இவ்விரண்டும் விண்டோஸ், மக் கணனிகளுக்கென வெளியிடப்படுவன. லினக்ஸ் வைத்திருப்போர்க்கு கிட்கேயும் அதன் துணையான கிட்-குயியும் உண்டு. தோற்றத்தில் எளியவை, பழைய கணனியையும் வருத்தாதவை.

ஹற்றனிலோ நுவரெலியாவிலோ சில மாணவர்கள் தம் தோட்டத்து முதியோர் சொல்வதைத் தொகுக்க எண்ணினால், எதைத் தேர்வது? மூன்று வினாக்களைக் கேட்கட்டும். இணையம் அறுந்த நாளிலும் அது வேலை செய்யுமா? மாற்றிய வரியையும் மாறாத வரியையும் கண்ணுக்குத் தெளிவாகக் காட்டுமா? செய்த பிழையிலிருந்து அச்சமின்றி மீள வழியுண்டா? விண்டோஸ் கணனியில் தொடங்குவோர்க்கு, இவ்வளவில் கிட்ஹப் டெஸ்க்டொப் போதும் என்பதே என் கருத்து. கணக்குத் திறவாமலும் உள்ளூர்க் கோப்புகளை அதிலே பேணலாம். ஆனால் உரையை வெறும் எழுத்துக் கோப்பாக வைத்தல் வேண்டும். அலங்கார ஆவணங்களை அது வரி வரியாக ஒப்பிட்டுக் காட்டாது. பிரதியையும் ஒரு கணனியோடு நிறுத்தாது, மற்றொன்றிலும் வைத்தல் வேண்டும். கருவி தானாகப் பிரதி எடுத்துத் தருவதில்லை.

கருவி நீதி வழங்காது. அதனை வழங்குவோர் மனிதரே. ஆனால் சான்று கேட்கப்படும் நாளிலே, வெறுங்கையோடு நின்ற ஒரு மக்களின் பேரப்பிள்ளைகள், தம் வரலாற்றைத் தாமே எழுதித் தம் கையிலேயே வைத்திருத்தல் சிறிய காரியமன்று.