கொழு வணிகன் தன்னைச் சொல்லிக்கொண்ட விதம்

மதுரைக்கு வடகிழக்கே, அழகர்மலைத் தொடரில், கிடாரிப்பட்டியை ஒட்டி ஒரு பெரிய குகைத்தளம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் அதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். பாண்டவர்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சமணத் துறவிகள் தங்குவதற்காகக் கற்படுக்கைகளை வெட்டி, மழைநீர் உள்ளே வழியாமலிருக்கப் பாறையின் நெற்றியில் காடி எடுத்திருக்கிறார்கள். அந்தச் செலவில் பங்கு கொண்டவர்களின் பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. காலம் கி.மு. முதலாம் நூற்றாண்டு என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. பொன்கொல்லன் ஆதன் ஆதன், உப்பு வணிகன் வியகன், பாணித வணிகன் நெடுமூலன், கொழு வணிகன் இளஞ்சந்தன். பாணிதம் கரும்புப் பாகு. கொழு என்பது கலப்பையின் நுனியில் மாட்டும் இரும்பு. இவர்களோடு துணி விற்ற அறுவை வணிகனும் உண்டு. சிலர் பேருக்கு முன்னால் மதுரையும் சேர்கிறது. தமிழில் எழுத்து புழங்கத் தொடங்கிய காலத்திலேயே, முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன்னை இன்னான் என்று சொல்ல ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. எந்த ஊர், என்ன தொழில், என்ன பேர்: இந்த மூன்றும் போதும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். இந்த மூன்றில் தொழில் ஏன் முன்னுக்கு வந்து நின்றது, பிறகு எப்படிக் கழன்று போனது என்பதைப் பார்த்தால், தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் வழக்கம் அந்தந்தக் காலத்தில் நம்பிக்கை எதன்மேல் நின்றதோ அதன் பின்னால் போயிருப்பது தெரியும்.

ஆதன் என்பவன் இன்னொரு ஆதனிலிருந்து பிரித்தறியப்பட வேண்டும், அதற்காகத் தொழிலைச் சேர்த்தார்கள், இதில் வேறென்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆளைப் பிரித்துக் காட்டத் தகப்பன் பேரே போதும். அந்த வழியும் அன்றே கையிருப்பில் இருந்தது. கரூருக்கு அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில் இரண்டு வழிகளும் ஒரே மலையில் இருக்கின்றன. அங்கே ஒரு கல்வெட்டு, யாற்றூர்ச் செங்காயபன் என்ற முதிய சமணத் துறவிக்காகச் சேர இளவரசன் ஒருவன் கல் வெட்டிக் கொடுத்ததைச் சொல்கிறது. இளவரசனைச் சொல்லும்போது பாட்டன் கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை வருகிறது. ஊர் இல்லை. துறவிக்கோ தகப்பன் இல்லை. அமணன் என்ற நிலையும் யாற்றூர் என்ற ஊரும் பேரும் வருகின்றன. அதே மலையில் படுக்கை வெட்டிக் கொடுத்த வணிகன், கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். ஒரு பெண், நல்லியூர்ப் பிட்டனின் குறுமகள் என்று அறியப்படுகிறாள். ஆக யாருடைய தகுதி எங்கிருந்து வந்ததோ அதைத்தான் அவரவர் முன்னால் வைத்திருக்கிறார்கள். அரசுரிமை பிறப்பில் வருவது, ஆகவே அவன் பாட்டனைச் சொன்னான். பொன் வாணிகனின் கையிருப்பு தொழில், ஆகவே அவன் அதைச் சொன்னான். நத்திக்கும் தகப்பன் இருந்திருப்பார், சொல்லவேண்டிய அவசியம் அவனுக்குத் தோன்றவில்லை.

இதை உறுதிப்படுத்த இன்னொரு வகைச் சான்று மண்ணுக்கடியில் கிடக்கிறது. கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த பானை ஓடுகளில் பேர்கள் கீறப்பட்டிருக்கின்றன. கீழடியில் ஆதன், குவிரன் ஆதன் என்றெல்லாம் உண்டு. பெரும்பாலும் வெறும் பேர்தான். பானை வீட்டுக்குள்ளேயே, தெருவுக்குள்ளேயே புழங்குவது. பார்ப்பவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள், அங்கே போய் நான் இன்ன ஊர், இன்ன தொழில் என்று எவனும் எழுதமாட்டான். மலைக்குகையோ வழிப்போக்கர்களும் வேற்றூர் வணிகர்களும் துறவிகளும் வந்துபோகும் பொது இடம். ஊரும் தொழிலும் அங்கேதான் தேவைப்பட்டன. சரக்கைக் கடனுக்கு விடவும், வழித்துணை சேரவும், தங்க இடம் தரவும் எதிரில் நிற்பவன் யார் என்று தெரிந்தாக வேண்டிய உலகம் அது. ஊர் தெரிந்தால் விசாரிக்கலாம், தொழில் தெரிந்தால் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாம். மதுரைக்கு அருகே மாங்குளத்தில், அழகர்மலைக்கும் முந்திய கல்வெட்டில், வெள்ளறை நிகமத்தார் கொடை தந்ததாக வருகிறது. நிகமம் வணிகர் கூட்டம். தனி ஆளின் வாக்குக்குப் பின்னால் ஒரு கூட்டம் நின்றது என்பதும், தொழிலைச் சொல்வது அந்தக் கூட்டத்தையும் சேர்த்துச் சொல்வது என்பதும் இதிலிருந்து புரிகிறது. ராபர்ட் சூவெல் 1882-ல் மாங்குளம் எழுத்துகளைக் கண்டபோது அது தமிழ் என்றே யாருக்கும் தெரியாது. 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அதை நிறுவிய பிறகுதான் இந்தக் கொழு வணிகர்கள் நமக்குக் கிடைத்தார்கள்.

சங்கப் புலவர்களின் பேர்களும் இதே வார்ப்பில் இருக்கின்றன. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். இவற்றை ஆதாரமாகக் காட்டுவதற்கு ஒரு தடை உண்டு. பேர்கள் பாட்டுக்குள் வருவதில்லை, பாட்டின் அடியில் இருக்கும் குறிப்பில் வருகின்றன. தொகுத்தவர்கள் பிற்காலத்தில் ஒட்டியவையாக இருக்கலாம். அப்படியே இருக்கட்டும். ஆனால் மதுரை அறுவை வாணிகன் என்று ஏட்டில் இருக்கும் அமைப்பும், அழகர்மலைப் பாறையில் இருக்கும் அமைப்பும் ஒன்றே. ஏட்டைத் திருத்தலாம், பாறையில் கி.மு. முதலாம் நூற்றாண்டில் வெட்டியதைத் தொகுப்பாசிரியர் போய்த் திருத்தியிருக்க முடியாது. தொகுத்தவர்கள் கற்பனையாகவே ஒட்டினார்கள் என்று வைத்துக்கொண்டாலும், புலவனை மருத்துவன் என்றோ வாணிகன் என்றோ சொல்வது மரியாதைக் குறைவு என்று அவர்கள் நினைக்கவில்லை என்பது மிஞ்சும். எனக்கு அதுவே பெரிய செய்தி. கவிதை தனித்தொழில் அல்ல, தானியமும் துணியும் விற்கிறவனுடைய இன்னொரு வேலை என்று ஏற்றுக்கொண்ட சமூகம்தான் இப்படி எழுதும்.

பெரிய தடை வேறொன்று. பொன்கொல்லன் என்பதும் வணிகன் என்பதும் சாதிப் பேர்தானே, தொழில் என்று நாம் ஏமாந்து படிக்கிறோமா? பிறப்பால் தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்திருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. நப்பூதனாரைப் பொன்வாணிகனார் மகனார் என்று சொல்வதிலேயே அந்த வாடை அடிக்கிறது. ஆனால் அழகர்மலை வரிசையை மறுபடி பாருங்கள். உப்பு, பாகு, துணி, கொழு என்று விற்கும் சரக்கைக் கொண்டே ஆட்கள் பிரிகிறார்கள். அது சந்தையின் பகுப்பு. பிறப்புக் குழுக்களின் பகுப்பாக இருந்திருந்தால் கொழு விற்கிறவனுக்கென்று ஒரு தனிக்குலம் இருந்ததாகக் கொள்ளவேண்டும், அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தொழிற்பேர் பிறப்புப் பேராக இறுகிய நிலை எப்படி இருக்கும் என்பதை இடைக்காலத்தின் பிற்பகுதிக் கொங்குக் கல்வெட்டு காட்டுகிறது. அங்கே கம்மாளர்கள் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளவும், பேரிகை கொட்டிக்கொள்ளவும், செருப்புப் போட்டுக்கொள்ளவும், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளவும் அரசன் உரிமை தருகிறான். செருப்புப் போட அனுமதி வாங்கவேண்டியவர்களாகக் கைவினைஞர்கள் ஆகிவிட்ட காலம் அது. தன் காசில் துறவிக்குப் படுக்கை வெட்டித் தந்து, பொன்கொல்லன் என்று தலையில் போட்டுக்கொண்ட ஆதன் ஆதன் நின்ற இடம் வேறு. உழவனும் குயவனும் அந்தக் காடியில் இல்லையே என்றால், உண்மைதான். கொடுக்கப் பணம் இருந்தவன் பேர்தான் கல்லில் ஏறும். நான் சொல்வது எல்லாரையும் பற்றியது அல்ல. பேசும் வாய்ப்புக் கிடைத்தவர்கள் எதைச் சொல்லத் தேர்ந்தார்கள் என்பதைப் பற்றியது.

கடல் தாண்டியதும் வாய்பாடு மாறுகிறது. அநுராதபுரத்தில் ஒரு பழைய மேடையின் பிராமிக் கல்வெட்டு, அது தமிழ்க் குடும்பத் தலைவர்களுடையது என்று சொல்லி, இன்னாருடைய ஆசனம் இது என்று ஒவ்வொருவர் பேரையும் தருகிறது. அவர்களில் தொழிலோடு வருபவன் கப்பலோட்டி ஒருவன்தான். சொந்த ஊர்ப் பேர் அங்கே யாருக்கும் எதையும் உணர்த்தாது, எனவே தமிழர் என்பது முன்னால் வந்தது. இன்னும் கிழக்கே, தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் கிடைத்த கையகல உரைகல்லில் பெரும்பத்தன் கல் என்று தமிழ்-பிராமியில் வெட்டியிருக்கிறது. கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பொன் உரைக்கிற கல்லையே கையில் வைத்திருப்பவன் தொழிலைத் தனியாக எழுதுவானேன்.

அதற்குப் பிறகு தனி ஆள் மறைந்து கூட்டம் பேச ஆரம்பிக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் தாய்லாந்தின் தகுவாபாவில் மணிக்கிராமத்தார் என்ற வணிகர் கூட்டத்தார் ஒரு குளத்தைக் காக்கப் பொறுப்பேற்கிறார்கள். 1088-ல் சுமத்ராவின் பாரூசில் திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் என்ற இன்னொரு வணிகர் கூட்டத்தார் தமிழில் கல்நாட்டி, வரும் மரக்கலங்கள் இன்ன அளவு பொன் கட்டவேண்டும் என்று விதிக்கிறார்கள். இந்த ஐஞ்ஞூற்றுவர் தங்களைச் சொல்லிக்கொள்வதை முழுசாகக் கேட்கவேண்டுமானால் கர்நாடகத்துச் சிகாரிபுரப் பகுதியில் இருக்கும் 11ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டைப் படிக்கவேண்டும். அய்யாவொளேயைத் தலைமையிடமாகக் கொண்டவர்கள், வாசுதேவன் வழிவந்தவர்கள், சேர சோழ பாண்டிய நாடுகளும் மகதமும் கோசலமும் கண்டவர்கள் என்று தொடங்கி, யானை, குதிரை, நீலக்கல், முத்து, ஏலம், கிராம்பு, சந்தனம், கற்பூரம், கஸ்தூரி என்று கடையைப் பரப்பிவிட்டு, எதிர்த்தவனை யானைபோல் மிதிப்போம், பாம்புபோல் நஞ்சிட்டுக் கொல்வோம் என்று முடிக்கிறார்கள். வேலைக்கு மனுப் போடுகிறவன் இந்த அளவுக்கு ஏற்றிச் சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் அரசன் கை எட்டாத வழிகளில் கழுதையிலும் எருதிலும் சரக்கேற்றிப் போனவர்களுக்குத் தங்கள் கீர்த்தியே காவல்படை. கொழு வணிகனின் ஒற்றைச் சொல் இங்கே பக்கம் பக்கமாக நீண்டிருக்கிறது. சரக்கு மட்டும் கடைசிவரை கைவிடப்படவில்லை.

உள்நாட்டிலோ கதை வேறு. சோழர் காலத்தில் செல்வமும் செல்வாக்கும் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தன, ஆட்களின் பேரும் நிலத்தைப் பிடித்துக்கொண்டது. மண்டலம், கோட்டம், நாடு என்று இறங்கிவந்து இன்ன ஊருடையான், இன்ன ஊர் கிழவன் என்று நிற்பார்கள். அதற்கு மேல் அரசன் தந்த பட்டம். தஞ்சைப் பெரிய கோயிலின் நிர்வாகத்தைப் பார்த்தவர் பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியன் ஆன தென்னவன் மூவேந்தவேளான். சோழர் காலப் பேர்களைத் தொகுத்து ஆராய்ந்த நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும், உடையான், கிழவன் போன்றவை நில உரிமையைச் சொல்பவை என்பதையும், மூவேந்தவேளான் போன்றவை அரசோடு உள்ள தொடர்பைச் சொல்பவை என்பதையும் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். தொழில் போய்விடவில்லை. அதே கோயிலில் தச்சன் ஒருவன் வருகிறான், குஞ்சரமல்லன் ஆன இராஜராஜப் பெருந்தச்சன். மதுரைப் பொன்கொல்லனுக்கு மதுரை போதுமானதாக இருந்தது. இவனுக்கு அரசன் பேர் முன்னால் வந்தால்தான் தச்சனுக்கே எடை கூடுகிறது.

அங்கேயே நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் பணிசெய்த ஆடல்மகளிரின், பட்டியலும் இருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் இன்ன தளிச்சேரி, இன்ன சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பேர் என்ன என்று எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் சம்பளம். தகப்பனோ கணவனோ இல்லாமல், முன்பு வேலை செய்த இடத்தையும் இப்போதைய விலாசத்தையும் கொண்டு இத்தனை பெண்கள் அடையாளப்படுவதைப் பார்த்தால், இன்றைக்கு வேலை தேடுகிறவர்கள் எழுதும் குறிப்பு ஞாபகத்துக்கு வராமல் போகாது. ஒரே வித்தியாசம், இதை அவர்கள் எழுதவில்லை. கோயில் கணக்கு எழுதியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த எழுதும் உரிமை அடியோடு கை மாறியது. 1860-ல் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16-ல் டர்பனில் இறங்கிய ட்ரூரோ கப்பல் தொடங்கி, நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளில் ஓர் எண், பேர், தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு எல்லாம் பதிவாயின. ஊரில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது தோட்ட முதலாளிக்கு வேண்டியதில்லை, இனிச் செய்யப்போவது கரும்பு வெட்டு. ஓடிப்போனால் பிடிக்கத் தழும்பு உதவும். உள்ளூரில் பள்ளிக்கூடமும் கச்சேரியும் ரயில்வேயும் கேட்ட பேருக்கு ஊரின் முதலெழுத்தும் தகப்பன் பேரின் முதலெழுத்தும் போதுமாயின. புறநானூற்றை 1894-ல் அச்சேற்றிக் கூலவாணிகர்களையும் மருத்துவர்களையும் நமக்கு மீட்டுத் தந்தவரே உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையர். உ.வே.சா. என்பதில் ஊர் இருக்கிறது, தகப்பன் இருக்கிறார். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவர் என்பதற்கு அந்த எழுத்துகளில் இடம் இல்லை.